டவல் சொன்ன சாட்சி

1953-ம் வருடம், மே 9. நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. இன்றைய மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில், பால்ஷேத் என்ற கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு டாக்ஸி புறப்பட்டது. உள்ளே சாய்ந்து படுத்தபடி ஒரு பையன். பக்கத்தில் அவனுடைய அம்மா. துணைக்கு உள்ளூர் டாக்டர்.

மூன்று நாட்களுக்கு முன்னால் கடற்கரையில் நடந்த ஒரு விபத்தில் பையனுக்கு இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. கடற்கரையிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மைல். கட்டில் கொண்டுவந்து, அதில் கிடத்தித் தூக்கிப் போயிருக்கிறார்கள். உள்ளூர் டாக்டர் மரப்பலகை வைத்து அசையாமல் கட்டினார். மறுநாள் பார்த்தபோது பையன் நன்றாகத்தான் இருந்தான். இருந்தாலும் தொடை எலும்பு சமாசாரம்... புனேவுக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது என்றார்.

சுமார் 200 மைல். புனே போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொன்றரை. அப்பா அங்கே வந்திருந்தார். அவர் வேறொரு ஊரில் பிராக்டீஸ் செய்துகொண்டிருந்தவர். ஆம், அவரும் டாக்டர்! இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் இரண்டேகாலுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பையனைச் சேர்த்தார்கள். மார்ஃபியா ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மாடியிலிருந்த ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, ஐந்தரை மணிக்கு அறைக்கு அனுப்பினார்கள். ஏழு மணிக்குள் மார்ஃபியா தெளிந்துவிடும் என்று உறுதி சொன்னதால் அப்பா தன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆறரை மணிக்கு அம்மா கவனித்தார். பையன் மூச்சு விடச் சிரமப்படுகிறான். இருமுகிறான். டாக்டர்கள் ஓடிவந்து என்னென்னவோ செய்தார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பையன் இறந்துபோனான்.

கால் ஒடிந்ததற்கு யாராவது சாவார்களா?

எலும்பு முறிவில் வெளிப்பட்ட கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைத்துக்கொண்டது, அதனால்தான் மரணம் என்று ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் கொடுத்தது. மெடிக்கல் புத்தகங்களில் இருக்கிற காரணம்தான் அது. சாதாரணத் தகப்பனாக இருந்தால் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, தலைவிதி என்று அழுதுவிட்டுப் போயிருப்பார். ஆனால், இவருக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியும். வலி தெரியாமலிருக்கப் போடும் மார்ஃபியா வேறு, எலும்பை இழுத்துச் சேர்ப்பதற்குக் கொடுக்க வேண்டிய மயக்க மருந்து வேறு என்றும் தெரியும். அப்பாவும் அம்மாவும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

டாக்டரின் தவறைக் கேள்வி கேட்கும் வழக்கம் ஒன்றும் புதிதல்ல. சுமார் 3,700 வருடங்களுக்கு முன்னால் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி, கல்லிலேயே செதுக்கி வைத்துவிட்டார். கத்தி வைத்த இடத்தில் பெரிய மனிதர் ஒருவர் செத்துப்போனால், வைத்தியரின் கையை வெட்டு! இறந்தவர் அடிமையா? கை தப்பியது. பதிலுக்கு இன்னொரு அடிமையைக் கொடுத்தால் போதும். உயிருக்கு உயிர் விலைப்பட்டியல் போட்டது அந்தக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

நம்ம கௌடில்யர் இன்னும் நுணுக்கமான ஆசாமி. உயிருக்கு ஆபத்தான நோய் என்று தெரிந்தும், முன்கூட்டித் தகவல் சொல்லாமல் வைத்தியம் பார்த்து, நோயாளி இறந்துவிட்டால் சிறிய அபராதம். வைத்தியம் தப்பாகப் பார்த்ததால் இறந்திருந்தால் நடுத்தர அபராதம். மர்ம ஸ்தானத்தில் ஊனமாக்கினால் அடிதடிக் கேஸாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்! அர்த்தசாஸ்திரத்தின் நாலாவது பகுதியில் இருக்கிறது. அபராதமெல்லாம் சரி. ஆனால், 'வைத்தியம் தப்பு' என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியோடு லண்டனுக்குப் போவோம். ஏனென்றால், அந்தப் புனே தகப்பனார் படியேறிய சிவில் கோர்ட், வெள்ளைக்காரன் சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டிருந்த கோர்ட். அங்கேயும் கதை ஒரு காலில்தான் ஆரம்பிக்கிறது.

1767. ஸ்லேட்டர் என்று ஒருவர். கால் உடைந்து, கட்டுப் போட்டு, எலும்பு கூடிக்கொண்டிருந்தது. கட்டைப் பிரிப்பதற்காக பேக்கர் என்ற சர்ஜனையும், ஸ்டேபிள்டன் என்ற மருந்துக்காரரையும் கூப்பிட்டார். பேக்கர் சாமானியர் இல்லை. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் இருபது வருட அனுபவம். மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். இந்த இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கூடிக்கொண்டிருந்த காலை மறுபடி உடைத்துவிட்டார்கள்! பல் பல்லாக இருந்த கனமான இரும்புக் கருவி ஒன்றை மாட்டி, காலை இழுத்து நீட்டப் பார்த்தார்கள். கால்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. அப்போது நடந்ததுதான் விசேஷம். மற்ற சர்ஜன்கள் கூண்டேறி, இது தவறு என்று சாட்சி சொன்னார்கள். இப்படியொரு கருவியை யாரும் பயன்படுத்துவதில்லை, நோயாளியின் சம்மதம் இல்லாமல் எலும்பை மறுபடி உடைக்கும் பழக்கமே கிடையாது என்றார்கள். 500 பவுண்டு நஷ்டஈடு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. என்ன செய்யப்போகிறோம் என்று முதலிலேயே சொன்னால்தானே அந்த மனிதன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார முடியும் என்கிற ரீதியில் நீதிபதிகள் எழுதினார்கள். இன்றைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் நாம் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோமே சம்மதப் படிவம்... அதற்குத் தாத்தா இந்தத் தீர்ப்பு.

அந்த 1767 வழக்கில் கிடைத்த மாதிரி சாட்சிகள் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் கூண்டேறுவது லேசில் நடக்கிற காரியமா என்ன! 1957-ல் இங்கிலாந்து இன்னொரு படி போனது. மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் மின்அதிர்ச்சி கொடுத்தபோது தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்காததால், போலம் என்ற நோயாளிக்கு இடுப்பு எலும்பு நொறுங்கிப்போனது. அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று சில டாக்டர்கள், வேண்டாம் என்று சில டாக்டர்கள். பொறுப்பான டாக்டர்களில் ஒரு பிரிவினர் சரியென்று ஏற்கும் முறையில் சிகிச்சை செய்திருந்தால் அது அஜாக்கிரதை ஆகாது என்றார் நீதிபதி. கேஸ் தோற்றது. 'போலம் விதி' என்ற பெயரில் அது உலகம் சுற்றி நம்ம ஊர் கோர்ட்டுகளுக்கும் வந்து சேர்ந்தது. நியாயமான விதிதான். இரண்டு வழி இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்த டாக்டரைக் குற்றவாளி ஆக்க முடியாதுதான். ஆனால், நோயாளி பக்கத்திலிருந்து பாருங்கள். டாக்டர் செய்தது சரியா, தப்பா என்பதை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்!

புனேவுக்குத் திரும்புவோம். மயக்க மருந்து கொடுக்காமல், ஒரே ஒரு மார்ஃபியா ஊசியை நம்பி, மூன்று உதவியாளர்களை வைத்துக்கொண்டு அளவுக்கு மீறிய பலத்தோடு காலை இழுத்து எலும்பைச் சேர்த்திருக்கிறார்கள், அந்த அதிர்ச்சியில்தான் பையன் இறந்தான் என்பது பெற்றோர் தரப்பு. அப்படி இழுக்கவே இல்லை, அசையாமல் இருக்க மாவுக்கட்டு மட்டும்தான் போட்டேன் என்பது டாக்டர் தரப்பு. கீழ்க்கோர்ட் பெற்றோரை நம்பியது. ஐகோர்ட்டும் நம்பியது. டாக்டர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1968 மே மாதம் அங்கேயும் தோற்றார். கேஸை ஏற்பதா என்று முடிவெடுப்பதில், என்ன சிகிச்சை என்று தீர்மானிப்பதில், அதைச் செய்து முடிப்பதில்... இந்த மூன்றிலும் டாக்டர் கவனமாக இருந்தாக வேண்டும் என்று அன்றைக்கு எழுதிய வரிகளை இன்றும் கோர்ட்டுகள் எடுத்துப் போடுகின்றன.

நஷ்டஈடு எவ்வளவு? 3,000 ரூபாய். பையன் இறந்து பதினைந்து வருடங்கள் ஆகியிருந்தன.

படித்த, வசதியுள்ள, அதுவும் டாக்டரான ஒரு தகப்பனுக்கே இந்தக் கதி என்றால், கேஸ் ஷீட்டை நேராகப் பிடிக்கிறோமா, தலைகீழாகப் பிடிக்கிறோமா என்றே தெரியாதவர்கள் கதி?

அவர்களிலும் சிலர் ஜெயித்திருக்கிறார்கள். 1963 ஜூலை. ஔரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜி நகர்) அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. சில நாளில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான். ஆனால், அப்புறம் காய்ச்சல், வலி, வயிறு வீக்கம். இன்னொரு சர்ஜன் வந்து மறுபடி வயிற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே சீழ். கூடவே, முதல் ஆபரேஷனில் மறந்து வைத்துவிட்ட ஒரு டவல்! அந்த மாதம் 24-ம் தேதி அந்தத் தாய் இறந்துபோனார்.

இங்கே எந்தப் பிரிவு டாக்டர்களிடம் கருத்துக் கேட்பது? வயிற்றுக்குள் டவல் வைத்துத் தைப்பது ஒரு சிகிச்சை முறை என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? லத்தீனில் 'ரெஸ் இப்ஸா லோக்விட்டர்' என்பார்கள் வக்கீல்கள். நடந்த விஷயமே பேசும், வேறு விளக்கம் வேண்டாம் என்று அர்த்தம். அந்த டவல் பேசியது.

பேசியும் என்ன? கீழ்க்கோர்ட் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பம்பாய் ஐகோர்ட் அதை ரத்து செய்தது. அஜாக்கிரதை நிரூபணமாகவில்லையாம். அதோடு, ஆஸ்பத்திரி நடத்துவது அரசாங்கத்தின் இறையாண்மை சார்ந்த வேலையாம், அதற்காக அரசைப் பொறுப்பாக்க முடியாதாம்! பிள்ளைப்பேற்று வார்டுக்கும் ராணுவத்துக்கும் வித்தியாசம் தெரியாத வாதம். 1996 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இதைத் தூக்கிப் போட்டது. அதே 36,000. முப்பத்திரண்டரை வருடம் கழித்து. அன்றைக்குப் பிறந்த குழந்தை எத்தனை வயதில் அந்தத் தீர்ப்பைக் கேட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹரியானாவில் இன்னொரு பெண். கூலித் தொழிலாளி. ஏற்கெனவே ஏழு குழந்தைகள். போதும் என்று 1988-ல் குர்காவ்ன் அரசு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டார். இனி குழந்தை பிறக்காது என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார்கள். பிறந்தது! பார்த்தால், வலது பக்கக் குழாயை மட்டும் கட்டிவிட்டு, இடது பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த வழக்கில் குழந்தையே சாட்சி. 2000-ல் சுப்ரீம் கோர்ட், குழந்தையை வளர்க்கும் செலவுக்காகக் கீழ்க்கோர்ட் கொடுத்த 54,000 ரூபாயை உறுதி செய்தது.

டவலோ குழந்தையோ இல்லாதவர்கள்? பெரும்பாலான மருத்துவத் தவறுகள் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லையே!

இந்த நிலையில்தான் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓடாத மிக்ஸி, மட்டமான பிரஷர் குக்கர் வாங்கி ஏமாந்தவர்களுக்கான சட்டம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கோர்ட் ஃபீஸ் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டுமென்பதில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். காசு கொடுத்துப் பெறும் 'சேவை'யில் குறை இருந்தாலும் கேட்கலாம் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் உள்ளே நுழைந்தார்கள்.

டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். நோயாளி என்ன மளிகைக் கடைக்கு வந்த வாடிக்கையாளரா? வைத்தியம் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் மன்றம் வைத்தியத்தை எடை போடுவதா? கேஸுக்குப் பயந்து டாக்டர்கள் தலைவலிக்கெல்லாம் ஸ்கேன் எழுத ஆரம்பித்தால் பணம் கட்டப்போவது யார்? (கடைசிக் கேள்வியில் இருந்த நியாயத்தை இன்றைக்கு நம் பர்ஸ் சொல்லும்!)

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில், மருத்துவமும் சேவைதான் என்று 1992-ல் சொல்லிவிட்டது தேசிய கமிஷன். இரண்டே வருடத்தில் நம்ம சென்னை ஐகோர்ட் நேர் எதிராகத் திரும்பியது. மருந்து கொடுப்பதும் ஆபரேஷன் செய்வதும் சட்டம் சொல்லும் சேவை அல்ல, நோயாளி நுகர்வோர் அல்ல என்று 1994-ல் தீர்ப்பு. அதாவது, அதே கேஸுக்குப் பாறசாலையில் கதவு திறக்கும், களியக்காவிளையில் மூடிக்கொள்ளும்!

எல்லாம் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. 1995 நவம்பர் 13. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் குல்தீப் சிங், எஸ்.சி.அகர்வால், பி.எல்.ஹன்சாரியா ஆகிய மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். டாக்டர் ஒன்றும் நோயாளி வீட்டு வேலைக்காரர் அல்ல, திறமையை விலைக்குத் தருபவர், எனவே அவர் தருவது சேவைதான், சட்டத்துக்குள் வருகிறார் என்றார்கள். மெடிக்கல் கவுன்சில் டாக்டரைத் தண்டிக்கலாம், ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு அது ஒரு பைசா வாங்கித் தர முடியாதே என்றும் கேட்டார்கள். சென்னைத் தீர்ப்பு அத்தோடு சரி.

அந்தத் தீர்ப்புக்குள் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரி பணக்காரர்களிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தால், அந்த ஏழையும் நுகர்வோர்தான். அவனும் கேஸ் போடலாம். எல்லோருக்குமே இலவசம் என்றால்? யாரும் நுகர்வோர் இல்லை! சீட்டுக்காக வாங்கும் சில்லறைக் காசு கணக்கில் வராது. ஆக, எவனிடம் ஒன்றுமே இல்லையோ, எந்த ஆஸ்பத்திரியில் ஒரு ரூபாய் வாங்குவதில்லையோ, அங்கே தப்பு நடந்தால் பழைய சிவில் கோர்ட்தான். கோர்ட் ஃபீஸ், வாய்தா, முப்பது வருடம்.

2005 ஆகஸ்டில் இன்னொரு பெரிய தீர்ப்பு. டாக்டர்களைப் போலீஸ் கேஸில் மாட்டுவது பற்றி. சாதாரணத் தவறுக்கெல்லாம் கிரிமினல் கேஸ் கிடையாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும் என்றது தலைமை நீதிபதி லகோட்டி தலைமையிலான பெஞ்ச். ஜெயில் பயத்தில் கை நடுங்கும் சர்ஜனால் என்ன ஆபரேஷன் செய்ய முடியும் என்ற அவர்களின் கவலை நியாயமானது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்கள். புகாரை எடுக்கும் முன் வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்!

இந்த நிபந்தனையைச் சில நுகர்வோர் மன்றங்களும் பிடித்துக்கொண்டன. ஹைதராபாத்தில் 2002-ல் ஒருவர் காய்ச்சலுக்காக மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டைபாய்டு என்று வைத்தியம் பார்த்தார்கள். இருந்ததோ மலேரியா. மனைவி இறந்துவிட்டார். மாவட்ட மன்றம் இரண்டு லட்சம் கொடுக்கச் சொன்னது. நிபுணர் சாட்சி எங்கே என்று கேட்டு மாநில கமிஷன் தள்ளியது. 2010-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி கொடுக்கச் சொன்னது. எல்லாக் கேஸுக்கும் நிபுணர் தேவையில்லை, அப்படிக் கேட்டால் இந்தச் சட்டத்தின் நோக்கமே அடிபட்டுப் போகும் என்றது. அந்தக் கணவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? மலேரியா டிபார்ட்மென்ட்டில்!

கொல்கத்தாவில் 1998-ல் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கேஸ். விடுமுறைக்கு வந்த இளம் பெண்ணுக்குத் தோலில் தடிப்பு. உடம்பில் நெடுநேரம் தங்கும் ஸ்டீராய்டு ஊசியை நாளைக்கு இரண்டு வேளை எழுதினார்கள். நிலைமை முற்றி, மே 28-ம் தேதி மும்பையில் இறந்தார். கணவர் விடவில்லை. 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சுமார் 5 கோடியே 96 லட்சமும் வட்டியும் கொடுக்க உத்தரவிட்டது. அதற்கு முன்னால் இந்தியா கண்டிராத தொகை. அந்தக் கணவர் அமெரிக்காவில் வாழ்ந்த டாக்டர்.

புனே அப்பா டாக்டர். ஹைதராபாத்காரர் மலேரியா டிபார்ட்மென்ட். கொல்கத்தாக்காரர் டாக்டர். மற்ற இரண்டு பேரிடம் ஒரு டவலும் ஒரு குழந்தையும்.

கேஸ் ஷீட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுத்தாக வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சில் 2002-லேயே விதி போட்டுவிட்டது. ஆனால், தகராறு என்று வந்த பிறகுதான் அதைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. நுகர்வோர் மன்றத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம். துக்கம் ஆறுவதற்குள் பாதி ஓடிவிடும்.

1986 சட்டத்தின் இடத்தில் 2019-ல் புதுச் சட்டம் வந்தது. 'சுகாதாரம்' என்ற வார்த்தை மசோதாவில் இருந்து, பிறகு காணாமல் போனது. டாக்டர்கள் சந்தோஷமாக, இனி நாங்கள் வெளியே என்றார்கள். இல்லை, உள்ளேதான் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2024 மே மாதம் இதைவிடச் சுவாரஸ்யம். வக்கீல்கள் மேல் நுகர்வோர் கேஸ் போட முடியாது என்று அதே கோர்ட் தீர்ப்பளித்து, டாக்டர்களைச் சேர்த்த 1995 தீர்ப்பையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாமே என்றது. அந்த வருடம் நவம்பரிலேயே மூன்று நீதிபதிகள், அதற்கு அவசியமில்லை என்று முடித்துவைத்தார்கள். டாக்டர் உள்ளே, வக்கீல் வெளியே. டாக்டர்களுக்கு வயிறு எரியுமா, எரியாதா!

கடைசியாக, நம்ம ஊருக்கு வருவோம். 1996 ஆகஸ்ட். சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, உயிரைக் காப்பாற்றி, செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு குறைந்த எடையில், அவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் தடுத்துவிடலாம். அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. செய்துகொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். குழந்தைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

அரசு ஆஸ்பத்திரியாச்சே என்று தள்ளிவிடாமல் தேசிய கமிஷன் விசாரித்து, ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. பெற்றோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015 ஜூலை 1-ம் தேதி தீர்ப்பு. ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு, விலைவாசி ஏற்றம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, சுமார் 1 கோடியே 80 லட்சம்.

அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு முடிந்து பத்து மாதம்.